உயிரோடிருப்பவர்களுக்கு இடமில்லை

திசையன்விளையைப் பற்றி வந்திருந்த கட்டுரை மொத்தமே மூன்று வரி. "திசையன்விளை ஓர் ஊர். மண் சிவப்பாக இருக்கும். சந்தை உண்டு." அவ்வளவுதான். எழுதியவர் குவைத்தில் இருந்தார். அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு நானும் முத்துசுப்பிரமணியன் சாரும் ஒரு காலைப்பொழுதைத் தின்று தீர்த்தோம். ஊர் என்று சொல்லியிருப்பதால் மரத்தட்டின் 'ஊர்கள்' அறையில் போட வேண்டும் என்றார் அவர். சிவந்த மண்ணும் ஊரும் எங்கேயும் கிடக்கும், சந்தைதான் விஷயம், 'வணிகம்' அறையில் போட வேண்டும் என்றேன் நான். முப்பது வருஷம் ரயில்வே தபால் பிரிவில் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு கடிதம் பிரித்தவனிடம் எது எந்த அறை என்று ஒரு பௌதிக வாத்தியார் பாடம் நடத்தினால் எரிச்சல் வருமா வராதா? கடைசியில் அவரே விட்டுக்கொடுத்தார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்ன சார் என்று கேட்டேன். எட்டிப் பார்த்தேன். தலைப்பில் "பாகீரதி, கல்லிடைக்குறிச்சி" என்று இருந்தது.

பாகீரதி அவருடைய மனைவி. அந்த வருஷம் தை பிறப்பதற்கு முன்னால் தவறிப்போயிருந்தார்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஐயம்பெருமாள் என்பவர் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஊர் ஞாபகம் வந்து படுத்தியதில், 'பொருநைக் களஞ்சியம்' என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார். நம் ஜில்லாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வளர்க்கலாம். எல்லாம் சேர்ந்து ஒருநாள் பெரிய கலைக்களஞ்சியம் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. வந்ததெல்லாம் திசையன்விளை மாதிரிதான். "பாபநாசத்தில் அருவி இருக்கிறது. குளிக்கலாம்." குளிக்கலாமாம். எழுதத் தொடங்கியதும் அடுப்பில் பால் பொங்கியதுபோல எல்லோரும் எழுந்து ஓடியிருந்தார்கள். இந்த அரைகுறைகளைப் பிரித்து, எது ஊர், எது கோயில், எது ஆறு, எது பலகாரம், யார் மனிதர் என்று அடுக்கி, யார் வளர்க்கக்கூடும் என்று பார்த்து அனுப்ப உள்ளூரில் ஆள் வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற இரண்டு பேர் அகப்பட்டோம்.

பாளையங்கோட்டையில் சுடலைவடிவின் கம்ப்யூட்டர் சென்டர்தான் எங்கள் ஆபீஸ். முன்பக்கம் எஸ்டிடி, ஐஎஸ்டி பூத். பின்பக்கம் மூன்று கம்ப்யூட்டர். காலையில் மோடம் கிரீச்சிட்டு முடித்ததும் அந்தப் பெண் வந்திருக்கிற மெயிலையெல்லாம் அச்செடுத்துக் கிழித்துக் கொடுப்பாள். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எழுத்துருவில் அனுப்பித் தொலைப்பார்கள். அதையெல்லாம் சரிசெய்து தமிழாக்குவதே அவளுக்குப் பெரும்பாடு. நான் வீட்டிலிருந்து சதுரச் சதுரமாக அறை வைத்த ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தேன். தாளைப் பார்ப்போம், சண்டை போடுவோம், அறையில் செருகுவோம். மாலையில் சுடலைவடிவு அந்தந்த அறையைப் பார்த்து அந்தந்தத் தலைப்பில் ஏற்றுவாள். முத்துசுப்பிரமணியன் சார் கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வந்து போவார். பாகீரதி மாமி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

'மனிதர்கள்' அறைக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் சட்டம் ஒன்றும் இல்லை. ஒரே மாதத்தில் கவுன்சிலர்களும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும், தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்ட கவிஞர்களுமாக அறை பிதுங்கிவிட்டது. ஒருவர் தன் மாமனாரை 'பொருநையின் பெருமகன்' என்று எழுதியிருந்தார்; அந்தப் பெருமகன் என் தெருவில்தான் வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஐயம்பெருமாளுக்கு எழுதிக் கேட்டு முடிவு செய்தோம். உயிரோடிருப்பவர்களுக்கு இடமில்லை. மறைந்தவர்களைப் பற்றி மட்டும்தான் கட்டுரை. யாராவது இருக்கிறாரா, போய்விட்டாரா என்று சந்தேகம் வந்தால் உள்ளூரில் விசாரித்து உறுதி செய்வதும் எங்கள் வேலை. திருப்பி அனுப்பும்போது ஆள் மனம் நோகக்கூடாதே என்று சார் ஒரு பதிலை எழுதிவைத்திருந்தார். "தாங்கள் குறிப்பிட்டவர் நம்மிடையே நலமுடன் வாழ்ந்து வருவதால் கட்டுரையைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. அவர் நீடு வாழ்க." சுடலைவடிவு ஒரு பொத்தானைத் தட்டினால் அது போய்விடும்.

அதே பாகீரதி கட்டுரை போன ஆடியிலும் வந்தது. அப்போது மாமி இருந்தார். டெட்ராய்ட்டிலிருந்து 'தாமிரா' என்ற பெயரில் யாரோ அனுப்பியிருந்தார்கள். "பாகீரதி, கல்லிடைக்குறிச்சி. உளுந்துமாவு இடிக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பாள். ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது வழியில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். சொன்ன சொல் மாற மாட்டாள். மற்றதைத் தெரிந்தவர்கள் எழுதவும்." மாமிக்கு அமெரிக்கா வரை ரசிகர்களா என்று சாரைக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. வழக்கமான பதிலை அனுப்பச் சொன்னார். மறுநாளே தாமிராவிடமிருந்து ஒரு வரி வந்தது. "கட்டுரையை நிராகரித்ததற்கு மனமார்ந்த நன்றி." இது என்ன கிறுக்கு என்று நான் கேட்டபோதுதான் சொன்னார்.

"அது எங்க மீனு வே."

மீனு அவர்களுக்கு ஒரே பெண். சென்னையில் கூடப் படித்த காயல்பட்டினத்து முஸ்லிம் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போனவள். அது தொண்ணூற்று நாலில். சார் ஒருவேளை ஆறு மாதத்தில் சமாதானம் ஆகியிருப்பார். மாமி ஆகவில்லை. என் பிணத்தில்கூட அவள் முழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெண்ணின் போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பினார். போனில் குரல் கேட்டால் வைத்துவிட்டார். பையனின் வீட்டிலும் அதே கதைதான். காயல்பட்டினத்தில் அவன் பேரைச் சொல்ல ஆளில்லை. ஆக, மீனுவுக்கு ஊர்ச் சேதி போய்ச் சேர ஒரு வழியும் இல்லாமல் போயிற்று. களஞ்சியத்தின் பக்கத்தில் கீழே எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டிருக்கும். அதைப் பார்த்திருக்கிறாள். எங்கள் சட்டத்தையும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, என்ன புத்தி பாருங்கள், அம்மா இருக்கிறாளா என்று அப்பாவிடம் கேட்க அந்த ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டுரை திரும்பி வந்தால் அம்மா இருக்கிறாள். அதைப் புரிந்துகொண்ட அன்று நான் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனேன்.

மார்கழிக் கடைசியில் மாமிக்கு நெஞ்சுவலி. அம்பாசமுத்திரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது நன்றாகத்தான் பேசினார். என் வீட்டுக்காரிக்குக் கால்வலி தேவலையா என்று விசாரித்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது, மீனுவுக்குச் சொல்லியாயிற்றா என்று சாரைக் கேட்டேன். மெயில் அனுப்பினால் போதும், சுடலைவடிவிடம் நானே சொல்லுகிறேன் என்றேன். அவர் நடப்பதை நிறுத்தினார். கடைசி இரவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாமி சத்தியம் வாங்கியிருந்தாராம். மாமி சொன்னதை அப்படியே சொன்னார்.

"நான் போனா அவளுக்குச் சொல்லப்படாது. அவ வந்து மேல விழுந்து அழுதா, செத்தப்புறமும் எனக்கு மனசு இளகிடும். சொல்லாதேங்கோ."

இது கோபமா? ஐந்து வருஷமாக நாங்கள் எல்லோரும் கோபம் என்று நினைத்திருந்தது கோபமே இல்லையே என்று எனக்கு அப்போது தோன்றியது. சாருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் சத்தியம் சத்தியம்தான். காரியங்கள் முடிந்ததும் மறுபடி பாசஞ்சரில் வர ஆரம்பித்தார். தயிர்சாதத்தை அவரே கலந்து கட்டிக்கொண்டு வருவார். உப்பு இருக்காது. நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன்.

இப்போது அடுத்த ஆடி. அதே கட்டுரை, அதே நாலு வரி, மேஜைமேல் கிடந்தது.

இரண்டே வழிதான். திருப்பி அனுப்பினால் மாமி உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். 'மனிதர்கள்' அறையில் செருகினால் செத்துப்போனார் என்று அர்த்தம். சும்மா வைத்திருக்கலாம் என்றால், பதில் வராததற்கும் அந்தப் பிள்ளை ஓர் அர்த்தம் வைத்திருப்பாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சுடலைவடிவைக் கூப்பிட்டு, இதற்கு வழக்கமான பதிலை அனுப்பிவிடு என்றார். அவள் என்னைப் பார்த்தாள். மாமி போனது அவளுக்கும் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு என்னோடு வந்தவள்தானே.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க செய்யுதது நல்லா இல்ல. பெத்த தாய் போயிட்டாக. அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? நீடு வாழ்கன்னு எழுதி அனுப்புதீங்களே, கை கூசலையா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாகீரதி இல்லேங்கறது கல்லிடைக்குறிச்சிக்கே தெரியும், ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த ஒருத்திக்கு மட்டுந்தான் அவ இன்னும் இருக்கா. இருக்கட்டுமே வே. உலகத்துல ஏதாவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

சத்தியத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். மனுஷன் பெண்டாட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சுடலைவடிவு பொத்தானைத் தட்டினாள். நான் அன்றைக்கு அதற்கப்புறம் வந்த தாள்களை எல்லாம் தப்பு தப்பாகச் செருகினேன். குறுக்குத்துறை ஆற்றுப்படிக்கட்டு 'பலகாரம்' அறைக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தடவை ஒரு வரியோடு நிற்கவில்லை. "களஞ்சியக் குழுவினருக்கு வணக்கம். கட்டுரையை மறுபடியும் நிராகரித்ததற்கு நன்றி. போன வருடம் உங்கள் பதில் வந்தபோதே புறப்பட நினைத்தேன், தைரியம் வரவில்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இரண்டு வயதாகிறது. கட்டுரையில் சொல்லியிருப்பவரிடம் அவளைக் காட்ட வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. தெருவில் நின்றுவிட்டு வந்துவிடுகிறோம். புரட்டாசி முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது." அதுவரை எல்லாம் ஒழுங்கான உரைநடை. அதற்குக் கீழே போன் நம்பரும், அதற்கும் கீழே தனியாக இரண்டு வார்த்தையும் இருந்தன. "அப்பா, வரட்டுமா?"

சார் அதைப் படித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுடலைவடிவு டீ வாங்கி வரச் சாக்கிட்டு வெளியே போய்விட்டாள். மீனு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லிடைக்குறிச்சித் தெருவில் வந்து நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். உள்ளே அம்மா இருக்கிறாள், கோபத்தில் கதவைச் சாத்தியிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு நிற்பாள். தெருக்காரர்கள் யாராவது வந்து, ஐயோ, உனக்குத் தெரியாதா என்பார்கள்.

சாரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும் என்றார். கட்டுரையை முடித்துக் களஞ்சியத்தில் ஏற்றிவிடலாம், அவளே பார்த்துத் தெரிந்துகொள்வாள், சத்தியத்தை மீறினதாகாது என்றார். பேனாவை எடுத்து அந்த நாலு வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். மறுநாளும் எழுதினார். அதற்கு மறுநாளும். நான் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கட்டுரையைப் பிரித்ததில்லை. மாமி ரவிக்கைக்குப் பித்தான் வைக்காமல் ஊக்கு குத்திக்கொள்வது இருந்தது. கோயிலில் பிரசாதம் வாங்க வரிசையில் நிற்காதது இருந்தது. மீனு பத்தாவது பரீட்சை எழுதிய நாட்களில் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் வெயிலில் நின்றுவிட்டு, பெண் வெளியே வருவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்து ஒன்றும் தெரியாததுபோல் அடுப்படியில் இருந்ததும் இருந்தது. பரணில் போட்ட போட்டோக்களை மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறித் துடைத்துவிட்டு இறங்கியதும் இருந்தது. சாருக்குத் தெரியாது என்று நினைத்துத் துடைத்திருக்கிறார்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் இருக்கு சார். கடைசி வரி இல்லையே" என்றேன். காலமான தேதி இல்லாமல் 'மனிதர்கள்' அறையில் போட முடியாது. அது நாங்களே போட்ட சட்டம். அந்த ஒரு வரியை மட்டும் நீர் எழுதும் வே என்று பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. இத்தனை வருஷம் கார்டு, கருமாதிப் பத்திரிகை என்று எத்தனையோ பேர் சாவைக் கையில் பிடித்து அறையறையாகப் பிரித்திருக்கிறேன். ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. அதோடு, எங்கேயோ ஓர் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கட்டுரை ஏறியிருக்கிறதைப் பார்த்த மாத்திரத்திலேயே அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிடும். இவ்வளவு பாசத்தையும் படிக்க அவளுக்குக் கண் இருக்குமா? போன் பண்ணுங்கள் என்றேன். உங்கள் வாயால் சொல்லுங்கள். மாமி கோபித்துக்கொண்டால் என்னைச் சொல்லட்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் ராத்திரி, குழந்தை தூங்கியிருக்கும், பேச வசதியாக இருக்கும் என்று சுடலைவடிவு சொல்லியிருந்தாள். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. பூத்துக்குள் ஃபேன் ஓடவில்லை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும் என்று நான் அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். முதலில் குழந்தையை விசாரிப்பாராம். அப்புறம் மாப்பிள்ளையை. அப்புறம் சொல்வாராம்.

சுடலைவடிவு நம்பரைச் சுழற்றிக் கொடுத்தாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"மீனு" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அமெரிக்காவிலிருந்து வந்தாலும் அழுகை பக்கத்து வீட்டில் அழுவதுபோல்தான் கேட்டது. கதவருகே நின்ற எனக்கே கேட்டது. அப்பா, அப்பா என்று வேறு வார்த்தை இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சார் குழந்தையை விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை. அவர் பேசட்டும் என்று நான் தரையைப் பார்த்தேன். அவள் முந்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தணித்து, சின்னப் பிள்ளை ரகசியம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அம்மா பக்கத்துல இருக்காளாப்பா? பேச மாட்டா, எனக்குத் தெரியும். அவ பேச வேண்டாம். போனை அவ காதுகிட்ட வெச்சாப் போதும். நான் பேசறேன்."

சார் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் சார் என்று நான் வாயசைத்தேன். அவர் ரிசீவரை மெல்லக் காதிலிருந்து எடுத்தார். பாகீரதி மாமி அவர் தோள் உயரம்தான் இருப்பார். ஒருவர் நிற்க மட்டும் இடமிருக்கிற அந்தக் கூண்டில் சார் கண்ணாடியோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டு, ரிசீவரைத் தன் தோளுக்கு நேராக, இடது பக்கம் காலியாக விட்ட இடத்தில் பிடித்தார். இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார். ரிசீவருக்குள்ளேயிருந்து மீனு பேச ஆரம்பித்தாள்.